நட்டத்தில் பங்கு: வட்டியில்லா வங்கிக் கொள்கை பிறந்த கதை

2014 நவம்பர் 1ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தன் கைப்பேசி ஆலையின் உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த மாதம், அதே வளாகத்தில் இயங்கிய ஃபாக்ஸ்கான் ஆலையும் மூடப்பட்டது. ஆலை நின்றால் ஆர்டர் நிற்கும், சம்பளம் நிற்கும், கேன்டீன் அடுப்பு நிற்கும். நிற்காத ஒன்று உண்டு. அந்த ஆலையை நம்பிக் கடனில் வேன் வாங்கியவருக்கும், மெஷின் போட்டவருக்கும், வாடகைக்கு விடலாமென்று மாடி எழுப்பியவருக்கும் தவணைத் தேதி வந்துகொண்டேதான் இருக்கும். ஆலை ஓடுகிறதா இல்லையா என்று கடன் பத்திரம் கேட்பதில்லை. ஐந்தாம் தேதி டியூ என்றால் ஐந்தாம் தேதிதான்.

இதில் எந்த மேனேஜரின் கல்நெஞ்சும் இல்லை. கடன் என்ற ஏற்பாடே அப்படித்தான். பணம் கொடுத்தவரின் வருமானம் முதல் நாளே எழுதி வைக்கப்படுகிறது. பணத்தை வாங்கித் தொழில் செய்கிறவரின் வருமானம் சந்தையின் கையில் இருக்கிறது. தொழிலில் உள்ள நிச்சயமின்மை முழுவதையும் ஒரு தரப்பு சுமக்க, இன்னொரு தரப்பு கரையில் நிற்கிறது. இருவருமே சுமக்கும்படி ஒரு வங்கியை நடத்த முடியாதா?

1960களில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆசிரியர் ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, உருதுவில் ஒரு புத்தகம் எழுதினார். அவர் பெயர் முகம்மது நஜாத்துல்லா சித்தீகி. இன்று கோலாலம்பூர், துபாய், கராச்சி, லண்டன் என்று பரவியிருக்கும், இரண்டு லட்சம் கோடி டாலரைத் தாண்டிய இஸ்லாமிய நிதித்துறையின் அடித்தளக் கற்களில் ஒன்று அந்தப் புத்தகம். அந்தத் துறை அரபு நாட்டு எண்ணெய்ப் பணத்தில் பிறந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். பணம் அங்கிருந்து வந்ததுதான். கொள்கையின் ஒரு முக்கியப் பகுதி வந்ததோ ஹைதராபாத்திலிருந்தும் அலிகாரிலிருந்தும்.

ஹைதராபாத்தில் விழுந்த விதை

வட்டி வாங்குவது இஸ்லாத்தில் விலக்கப்பட்டது என்பது பதினான்கு நூற்றாண்டுப் பழமையான செய்தி. யூத, கிறிஸ்தவ மரபுகளிலும் வட்டிக்குத் தடை இருந்தது. ஆனால் தடை வேறு, பொருளாதாரக் கொள்கை வேறு. ‘வாங்காதே’ என்று சொல்வதற்கு மார்க்க அறிஞர் போதும். ‘வாங்காவிட்டால் முதலீடு எங்கிருந்து வரும், சேமிப்பவர் ஏன் சேமிப்பார், மத்திய வங்கி எதை வைத்துப் பணப்புழக்கத்தைக் கட்டுப்படுத்தும்’ என்றெல்லாம் கேட்டால் பொருளாதாரம் படித்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வேலை தொடங்கிய இடங்களில் முதன்மையானது நிஜாமின் ஹைதராபாத். அங்கே உஸ்மானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முகம்மது ஹமீதுல்லா, ஜெர்மனியின் பான் நகரிலும் பாரிஸிலும் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1936இல் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்ற ஹைதராபாத் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ‘இஸ்லாமியப் பொருளாதாரம்’ என்ற பெயரே முதலில் புழக்கத்துக்கு வந்தது அந்தக் கட்டுரையில்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சுட்டுகிறார்கள். அதன் துணைத்தலைப்பு வட்டியைப் பற்றியதல்ல, தொழிலாளரின் நிலையைப் பற்றியது. வங்கிகளும் கடன் பத்திரங்களும் பிற்பாடுதான் இந்தத் துறையை மொத்தமாக எடுத்துக்கொண்டன. தொடங்கும்போது அது உழைப்பவனைப் பற்றிய பேச்சு.

அதே 1936இல் லண்டனில் பொருளியலாளர் கெய்ன்ஸின் ‘பொதுக் கொள்கை’ வெளிவந்தது. அந்த நூலின் 23ஆம் அத்தியாயத்தில், இடைக்காலத்து வட்டித் தடைச் சட்டங்களை முட்டாள்தனம் என்று சிரித்துத் தள்ளிய தன் தலைமுறையின் பாடத்தை அவரே திரும்ப எடுத்துப் பார்க்கிறார். அந்தப் பழைய சட்டங்களுக்குள் கவனிக்கத்தக்க அறிவு இருந்தது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. உலகப் பெருமந்தத்தின் நடுவே, வட்டியைப் பற்றிய கேள்வி மார்க்கத்துக்கு வெளியிலும் எழுந்துவிட்டது.

பத்தாண்டு கழித்து, உஸ்மானியாவின் பொருளாதாரப் பேராசிரியர் அன்வர் இக்பால் குரேஷி, வட்டிக் கொள்கையையும் இஸ்லாத்தையும் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். 1946இல் லாகூரில் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. வட்டியை நியாயப்படுத்திய மேற்கத்தியக் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து விவாதித்த அவர், மாற்று வழி என்று வந்தபோது ஓர் எளிய விடையைச் சொன்னார். கல்வியையும் பொதுச் சுகாதாரத்தையும் போல வங்கியையும் அரசே ஒரு சேவையாக நடத்தலாம், வங்கி தொழில் செய்பவரோடு கூட்டுச் சேரலாம் என்றார். ஆனால் ‘எப்படி’ என்ற விளக்கம் அதில் குறைவு. 1955இல் கராச்சியில் முகம்மது உஸைர் என்பவர் எழுதிய சிறுநூல் அதை ஒரு படி முன்னே கொண்டுபோனது. சேமிப்பவரும் வங்கியும் ஓர் ஒப்பந்தம், வங்கியும் தொழில்முனைவோரும் இன்னோர் ஒப்பந்தம் என்று இரண்டு அடுக்கு அமைப்பை அவர் வரைந்து காட்டினார்.

இவை எல்லாம் தனித்தனிக் குரல்கள். ஒரு வங்கியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, வட்டி என்ற ஆணியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பூட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு வந்தவர்தான் சித்தீகி.

லாபத்தை ஆராய்ந்தவர்

1931இல் கோரக்பூரில் பிறந்தவர் சித்தீகி. இளம் வயதில் கல்லூரியை விட்டு விலகி, ராம்பூரிலும் ஆஸம்கர் பக்கத்தில் சராய்மீரிலும் அரபியும் மார்க்க நூல்களும் படித்தார். பிறகு அலிகாருக்குத் திரும்பி, பொருளாதாரம் கற்று, அங்கேயே அதைக் கற்பிக்கவும் செய்தார். ஒரு பக்கம், எட்டாம் நூற்றாண்டில் பாக்தாத் தலைமை நீதிபதி அபூ யூசுப், கலீஃபா ஹாரூன் அல் ரஷீதுக்காக எழுதிய வரி நூலை உருதுவில் பெயர்த்தார். மறு பக்கம், நவீன லாபக் கொள்கைகளை விமர்சித்து ஒரு நூல் எழுதினார். 1971இல் வெளியான அந்த நூலில் மார்க்கம் பேசப்படவில்லை. அது முழுக்க முழுக்க பொருளாதாரம்.

லாபத்தைப் பற்றிப் படித்தவர் வட்டியைப் பற்றி எழுதினார் என்பதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. லாபம் என்பது எதற்கான கூலி? 1921இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் இதற்கு ஒரு புகழ்பெற்ற விடை சொன்னார். கணக்கிட்டுக் காப்பீடு செய்துவிடக்கூடிய அபாயம் வேறு, கணக்கிடவே முடியாத நிச்சயமின்மை வேறு. லாபம் பிறப்பது இரண்டாவதிலிருந்து என்றார் நைட். அப்படியானால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. நிச்சயமின்மையைச் சுமப்பவருக்கு லாபம் என்றால், எதையும் சுமக்காத முதலுக்கு முன்கூட்டியே நிச்சயித்த வருமானம் எந்தக் கணக்கில் போகிறது? தொழில் செய்கிறவருக்கு வருமானம் நிச்சயமில்லாதபோது, அதிலிருந்து வரவேண்டிய பங்கு மட்டும் எப்படி நிச்சயமாக இருக்க முடியும்?

1969இல் வெளியான சித்தீகியின் உருது நூல் வட்டியில்லா வங்கியின் முழு வரைபடத்தைக் கொடுத்தது. ஆங்கிலத்தில் 1973இல் வந்தது. அடிப்படை ஏற்பாடு, ‘முழாரபா’ என்று பழைய அரபு வணிகர்கள் நடத்திவந்த கூட்டு. ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் உழைப்பார். லாபம் வந்தால் முன்பே பேசிய விகிதத்தில் இருவருக்கும் பங்கு. நட்டம் வந்தால் பண இழப்பு முதல் போட்டவருடையது, உழைத்தவருக்குத் தன் உழைப்பு வீண். கவனக்குறைவோ மோசடியோ இருந்தால் மட்டும் உழைத்தவர் பொறுப்பு. இருவருமே பணம் போட்டால் அது ‘முஷாரகா’. அதில் லாபம் பேசிய விகிதத்தில், நட்டம் போட்ட முதலின் விகிதத்தில்.

இந்த ஏற்பாட்டின் தன்மை தமிழ்நாட்டு உழவருக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் ஏரிப் பாசன நெல் பூமியாக இருந்த நாளில் நிலத்தை விடுவதற்கு இரண்டு வழி இருந்தது. குத்தகைக்கு விட்டவருக்கு ஏரி நிரம்பினாலும் வறண்டாலும் பேசிய மூட்டை வந்தாக வேண்டும். வாரத்துக்கு விட்டவருக்கு விளைந்ததில்தான் பங்கு. பயிர் சாவியானால் அவர் பங்கும் சாவிதான். இன்றைய வங்கிக் கடன் குத்தகை என்றால், சித்தீகி கேட்டது வாரம். சித்தீகியின் உருது நூல் வந்த அதே 1969இல்தான், வாரச் சாகுபடி பொருளாதாரத்துக்கு ஒவ்வாத பழைய வழக்கம் அல்ல என்று வாதிட்ட பொருளியலாளர் ஸ்டீவன் சியுங்கின் நூலும் வெளிவந்தது. 1974இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், அபாயத்தைப் பங்கிடுவதற்கும் உழைக்கத் தூண்டுவதற்கும் இடையிலான சமநிலையாக வாரத்தை விளக்கினார். மூவரும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே களத்துமேட்டில் நின்றார்கள் என்று சொல்லலாம்.

சித்தீகியின் வங்கியில் சேமிப்பவரும் பங்காளிதான். முதலீட்டுக் கணக்கில் பணம் போடுகிறவர் வட்டிக்காகப் போடுவதில்லை, வங்கி ஈட்டும் லாபத்தில் பங்குக்காகப் போடுகிறார். வங்கி அந்தப் பணத்தை நூறு தொழில்களில் பரப்புகிறது. ஐந்து தொழிலில் நட்டம் வந்தாலும் மற்றவற்றின் லாபம் அதை ஈடுகட்டும் என்பதால், சேமிப்பவர் கை சுடுவது அரிது. நடப்புக் கணக்கில் கிடக்கும் பணத்தில் ஒரு பகுதியை வங்கி வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதி எவ்வளவு என்று மத்திய வங்கி கூட்டியும் குறைத்தும் பணப்புழக்கத்தைக் கட்டுப்படுத்தும். ரெப்போ விகிதம் இல்லாத உலகில் ரிசர்வ் வங்கி என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவர் தந்த விடை அது.

ஒரகடத்தில் போட்டுப் பார்க்கும் கணக்கு

கொள்கையை இந்தத் தொழில் வட்டாரத்தில் இறக்கிப் பார்ப்போம். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும், ரெனோ நிஸான் 2010இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. டெய்ம்லரின் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டின் பைக் ஆலை, அப்போலோ டயர் ஆலை என்று வரிசை நீண்டது. ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் கீழே நேரடி சப்ளையர்கள், அவர்களுக்குக் கீழே ஜாப் ஒர்க் பட்டறைகள். அப்படி ஒரு பட்டறை முதலாளி 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு சி.என்.சி. மெஷின் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ஜின் மணி 5 லட்சம் அவருடையது. மீதி 15 லட்சத்துக்கு மூன்று வழி. மூன்றாவதைப் பிறகு பார்ப்போம்.

முதல் வழி, வங்கிக் கடன். ஆண்டுக்கு 12 சதவீதம், ஐந்தாண்டு என்றால் மாதத் தவணை சுமார் 33,367 ரூபாய். ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இரண்டாவது, முஷாரகா. வங்கியின் 15 லட்சமும் அவருடைய 5 லட்சமும் சேர்ந்து மெஷின் வருகிறது. லாபத்தில் வங்கிக்கு 40, வேலை பார்க்கும் அவருக்கு 60 என்று பேச்சு. மெஷின் ஒரு மாதம் 1 லட்சம் லாபம் கொடுத்தால் வங்கிக்கு 40,000. 50,000 கொடுத்தால் 20,000. மாடல் மாறி ஆர்டர் நின்றுபோன மாதத்தில் பூஜ்யம். இடையில் தொழிலை மூடி, மெஷினை விற்று, மொத்தத்தில் 4 லட்சம் நட்டம் என்றால் வங்கிக்கு 3 லட்சம், அவருக்கு 1 லட்சம். நன்றாக ஓடினால் வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக அவரே வாங்கி மெஷினைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியில் வங்கிக்கு ஒரு புதிய வேலை வந்துவிடுகிறது. முதல் வழியில் அது சிபில் ஸ்கோரையும் அடமானத்தையும் பார்த்தால் போதும். இங்கே அது ஆர்டர் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், பட்டறைக்காரரின் கைத்திறனைப் பார்க்க வேண்டும், அந்த கார் மாடல் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று யோசிக்க வேண்டும். சொத்து உள்ளவருக்குப் பணம் போவதற்குப் பதில் திறமை உள்ளவருக்குப் பணம் போகும் என்று சித்தீகி எதிர்பார்த்தது இதனால்தான்.

சங்கடமும் அங்கேயே இருக்கிறது. வாரத்துக்கு விட்ட நிலக்காரருக்குத் தூக்கம் வராது. ராத்திரியோடு ராத்திரியாகக் களத்திலிருந்து நாலு மூட்டை நகர்ந்துவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? பட்டறையிலும் அதே கதைதான். லாபத்தில் பங்கு கொடுக்க வேண்டும் என்றால், லாபத்தைக் குறைத்துக் காட்டும் ஆசை வரும். பில் போடாத வேலையை வங்கி எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் ஆடிட்டரை உட்கார வைத்தால் அந்தச் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். பொருளியலாளர்கள் ‘தகவல் சமச்சீரின்மை’ என்று சொல்லும் இந்தச் சிக்கல்தான் கொள்கையின் பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தது.

பிள்ளை வளர்ந்த விதம்

அலிகாரில் புத்தகம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், வேறு இரண்டு பொருளியலாளர்கள் செயலில் இறங்கிவிட்டிருந்தார்கள். ஜெர்மனியில் படித்த எகிப்தியர் அஹ்மத் அல் நஜ்ஜார், அங்கே பார்த்த ஊர்ச் சேமிப்பு வங்கிகளின் மாதிரியில், 1963இல் நைல் டெல்டாவின் மித் கம்ர் என்ற ஊரில் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி தொடங்கினார். விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் அதில் பணம் போட்டார்கள். 1967இல் அது முடிவுக்கு வந்தது. மலேசியாவில் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஸீஸ், கிராமத்து மக்கள் ஹஜ் பயணத்துக்காகப் பானையிலும் பரணிலும் பணம் சேர்ப்பதையும், நிலத்தையும் மாட்டையும் விற்பதையும் பார்த்து, 1959இல் அரசுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். அதிலிருந்து 1963இல் பிறந்ததுதான் இன்று ‘தாபுங் ஹாஜி’ என்று அறியப்படும் நிறுவனம். மலேசியாவின் முதல் இஸ்லாமிய வங்கி 1983இல் வந்தது.

1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவில் பணம் குவிந்தது. 1975இல் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும், துபாயில் முதல் பெரிய வணிக இஸ்லாமிய வங்கியும் தொடங்கின. 1976 பிப்ரவரியில் மக்காவில் கூடிய முதல் பன்னாட்டு இஸ்லாமியப் பொருளாதார மாநாட்டுக்காக, ஆங்கிலம், அரபு, உருது மூன்றிலும் அதுவரை எழுதப்பட்டவற்றை ஆராய்ந்து ஒரு மதிப்பாய்வு தயாரித்தவர் சித்தீகி. ஒரு துறை தன்னைத் துறையாக உணர்வதற்கு அப்படி ஒரு கணக்கெடுப்பு தேவைப்பட்டது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் அவர் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1982இல் மன்னர் ஃபைசல் பரிசு பெற்றார்.

அந்த 1976ஆம் ஆண்டிலேயே திருப்பமும் வந்தது. ஜோர்டானைச் சேர்ந்த சாமி ஹம்மூத், கெய்ரோ பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வில் வேறொரு வழியைக் காட்டினார். ‘முராபஹா’ என்பது பழைய வியாபார முறை. வாங்கிய விலையைச் சொல்லி, அதன் மேல் இவ்வளவு லாபம் என்று வெளிப்படையாகச் சேர்த்து விற்பது. இதை வங்கிக்குப் பொருத்தினார் அவர். வாடிக்கையாளர் கேட்கும் பொருளை வங்கி முதலில் வாங்கும். பிறகு லாபம் சேர்த்து, தவணை முறையில் அவருக்கே விற்கும்.

நம் பட்டறைக்காரரின் மூன்றாவது வழி இது. வங்கி 15 லட்சத்தைப் போட்டு வாங்கியதை 20 லட்சத்துக்கு, 60 தவணையில் விற்கிறது. மாதம் 33,333 ரூபாய். வட்டிக் கடனுக்கும் இதற்கும் வித்தியாசம் 34 ரூபாய்!

‘பிறகென்ன வேறுபாடு?’ என்று கேட்பது நியாயம். வேறுபாடு கொஞ்சம் உண்டு. வங்கி பொருளை வாங்கி ஒப்படைக்கும் வரை அதன் பொறுப்பு வங்கியுடையது. விலை ஒருமுறை பேசியதுதான். தவணை தவறினால் கடன் வளராது, வட்டிக்கு வட்டி கிடையாது, தாமதக் கட்டணம் வாங்கினாலும் அது தருமத்துக்குப் போக வேண்டும். கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்க 2003இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்த தமிழ்நாட்டில், கடன் தானாக வளராது என்பது சின்னச் சலுகை அல்ல. ஆனால் தொழில் நட்டத்தில் வங்கிக்குப் பங்கு? அது போயே போய்விட்டது. வாரம் கேட்டு வந்தவர்கள் குத்தகையோடு திரும்பினார்கள்.

வங்கிகளுக்கு முராபஹா வசதியாக இருந்தது. பட்டறையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய தொல்லை இல்லை. பாகிஸ்தான் 1981இல் லாப நட்டப் பங்குக் கணக்குகளைத் தொடங்கிப் பெரிய அளவில் முயன்றது. அங்கேயும் நடைமுறை, விலையில் லாபம் சேர்க்கும் முறைக்கே சரிந்தது. இன்று உலக அளவில் இஸ்லாமிய வங்கிகள் கொடுக்கும் நிதியில் முழாரபாவுக்கும் முஷாரகாவுக்கும் கிடைப்பது சிறு இடம்தான். பொருளியலாளர் தைமூர் குரான் போன்ற விமர்சகர்கள் இதைக் காட்டித்தான், வங்கியின் நடைமுறை மாறவில்லை, பெயர்தான் மாறியது என்று வாதிடுகிறார்கள்.

சித்தீகி அந்த விமர்சனத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ‘தவர்ருக்’ என்று ஒரு முறை பரவியது. பணம் வேண்டியவர் ஒரு சரக்கைத் தவணைக்கு அதிக விலையில் வாங்கி, உடனே ரொக்கத்துக்குக் குறைந்த விலையில் விற்றுவிடுவார். சரக்கு வெறும் காகிதத்தில் கைமாறும். கையில் மிஞ்சுவது பணமும் அதைவிடப் பெரிய கடனும். இதனால் வரும் கேடு நன்மையை விழுங்கிவிடும் என்று 2007இல் சித்தீகி கட்டுரை எழுதினார். கடன்மேல் கடனாகக் குவியும் பொருளாதாரத்தைத் தவிர்க்கத்தான் இந்தத் துறையே பிறந்தது என்பது அவர் நிலைப்பாடு. 2009இல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமியும், வங்கிகள் ஏற்பாடு செய்யும் தவர்ருக்கை ஏற்க மறுத்தது. 2022 நவம்பரில், 91ஆம் வயதில், அமெரிக்காவில் சித்தீகி காலமானார்.

பிறந்த வீட்டில்

கொள்கை பிறந்த இந்தியாவில் அந்தப் பெயரில் ஒரு வங்கி இல்லை. காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கி சரக்கு வாங்கி விற்கக் கூடாது என்கிறது. மெஷினை வாங்கி விற்கும் முராபஹா அங்கேயே அடிபட்டுப் போகிறது. டெபாசிட் என்பது திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய பணம் என்று அதே சட்டம் சொல்வதால், நட்டத்தில் பங்கேற்கும் டெபாசிட்டுக்கும் இடமில்லை. 2005இல் ரிசர்வ் வங்கி அமைத்த ஆனந்த் சின்ஹா குழு, இருக்கும் சட்டத்துக்குள் இது முடியாது என்றது. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு, வட்டியில்லா வங்கிச் சேவையை அனுமதிக்கப் பரிந்துரைத்தது. வட்டி காரணமாக வங்கியை விட்டு விலகி நிற்கும் ஏழைகளையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது அதன் வாதம். 2015இல் தீபக் மொஹந்தி குழு, இருக்கும் வங்கிகளிலேயே தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017 நவம்பரில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு, இந்தத் திட்டத்தை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டதாக ரிசர்வ் வங்கி பதில் தந்தது.

சட்டம் மாற முடியாதது அல்ல. இலங்கை 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தியது. 1997இல் முதலீட்டு நிறுவனமாகத் தொடங்கிய அமானா, 2011 ஆகஸ்டில் அந்நாட்டின் முதல் முழு இஸ்லாமிய வங்கியானது. பிரிட்டன் 2003இல், வங்கி வாங்கி விற்பதால் விழும் இரட்டை முத்திரைத் தீர்வையை நீக்கி, 2004இல் இஸ்லாமிய வங்கிக்கு உரிமம் கொடுத்தது. இந்த இரண்டும் முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகள்தான்.

இதற்கிடையே ஒரகடம் பக்கத்தில் வட்டியில்லாக் கடன் ஒன்று தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, தலைகீழாக. சிறு பட்டறை பொருளைச் செய்து அனுப்பிவிட்டு, 60 நாள், 90 நாள் என்று பணத்துக்குக் காத்திருக்கிறது. அந்த நாட்களில் பெரியவருக்குக் கடன் கொடுத்திருப்பவர் சின்னவர். அந்த இடைவெளியை நிரப்பச் சின்னவர் போய் வட்டிக்கு வாங்குகிறார். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று மிரட்டுகிறது. அந்த வட்டியைக் கேட்டு வாங்கப் போனால் அடுத்த ஆர்டர் வருமா என்ற கவலையில் பலர் கேட்பதே இல்லை.

ஆனால் சித்தீகியின் காலத்தில் இல்லாத ஒரு வசதி இன்று இந்த வட்டாரத்தில் இருக்கிறது. கார் ஆலைக்கு உதிரிபாகம் கொடுக்கும் பட்டறையின் வேலை பெரும்பாலும் ஆர்டர், பில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று பதிவாகிவிடுகிறது. வாங்கியவரின் கணக்கும் விற்றவரின் கணக்கும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கின்றன. களத்திலிருந்து மூட்டை நகர்வது முன்போல் எளிதல்ல. வரவு தெரிந்தால் போதாது, செலவும் தெரிய வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசினால், லாபக் கணக்கில் கைவைக்கும் வாய்ப்பு பெருமளவு குறையும். 1969இல் எழுதப்பட்டு, பிறகு கண்காணிப்புச் செலவால் தோற்ற ஏற்பாட்டை இன்றைய பதிவேடுகளை வைத்து மறுபடி போட்டுப் பார்க்கலாம். அதற்கு எந்த மதமும் தேவையில்லை. புதுத் தொழில்களில் பங்கு வாங்கி, பத்தில் ஏழு மூழ்கினாலும் மூன்றில் மீட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடும் வென்ச்சர் முதலீட்டாளர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான்.

சட்டப்படி வட்டியில்லா வங்கி இல்லாத இடத்தில் போலிகள் முளைக்கும். ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரில் மாதாமாதம் கவர்ச்சியான தொகை கொடுத்துவந்த பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது, பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அதனால், இந்தக் கொள்கையின் கதையைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. வட்டியில்லா முதலீடு என்று யாராவது வந்தால், ‘எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்க வேண்டாம். ‘நட்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு? கணக்கை எப்போது காட்டுவீர்கள்?’ என்று கேளுங்கள். ‘நட்டமே வராது, மாதம் இவ்வளவு உறுதி’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். உறுதியான வருமானம் வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்துத் தெரு வங்கி இருக்கிறது, ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடும் இருக்கிறது.